இடுப்பு தொடர்பான பிடிப்பு

பேரவையில் பதிவாகியிருக்கும் என் ஒரே கருத்து என் இடுப்பைப் பற்றியது. அதையும் நான் கருத்தாகச் சொல்லவில்லை. வலித்தது, சொன்னேன்.

நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். என் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். எங்கள் குடியிருப்புக்கு எதிரே ஒரு கட்டடத்தின் மாடியில் அனிமே ரசிகர் பேரவை இருக்கிறது. ஞாயிறுதோறும் ஜப்பான்காரர்கள் வரைந்த தொடர்களைப் பெரிய திரையில் போடுவார்கள். கட்டணம் கிடையாது. மின்விசிறி உண்டு. முதுகு சாய்கிற நாற்காலி உண்டு. கட்டணம் வாங்காத இடத்தில் வேறு எதையாவது வாங்குவார்கள் என்பது என் வயதுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் வாங்கியது கருத்து.

படம் முடிந்து வெளியே வருகிற வாசலில் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு ஓர் இளைஞன் நிற்பான். எல்லாரும் அவனை மைக் தம்பி என்பார்கள். கருத்து சொல்லாமல் யாரும் படியிறங்க முடியாது. பழகியவர்கள், "மூலக்கதையைப் படிச்சாத்தான் புரியும்" என்றோ, "முதல் பாகம் அளவுக்கு இல்ல" என்றோ, "மௌனம் பேசுது" என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள். இதில் எதைச் சொன்னாலும் எந்தப் படத்துக்கும் பொருந்தும். எங்களைப் போன்ற புதியவர்களுக்கு ஆரம்பப் பாட்டைப் பற்றி மட்டுமே கருத்து வைத்துக்கொள்ள அனுமதி. அதைப் பதிவில் சேர்க்க மாட்டார்கள். நான் வாரா வாரம் "பாட்டு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். பாட்டு நடக்கும்போது நாங்கள் பெரும்பாலும் படியேறிக்கொண்டுதான் இருப்போம்.

நாங்கள் பார்த்தது கடல் போன ஊரின் கதை. ஒருநாள் காலை ஊர் எழுந்து பார்க்கிறது, கடலைக் காணோம். வெறும் மணல். எல்லாரும் படகை விற்றுவிடுகிறார்கள். ஒரு அக்காள் மட்டும் விற்காமல், மணலில் நிற்கிற படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டே இருக்கிறாள். அவளுடைய தம்பிக்கு நீலத்தில் முடி. கடலைத் திரும்பக் கூட்டிவருகிறேன் என்று கிளம்பிப் போகிறான்.

தம்பியின் பகுதிகள் எனக்கு ஆகவில்லை. போகிற வழியெல்லாம் எவனாவது மறிப்பான். அடிக்கப் போகிறவன், நான் அடிக்கப் போகும் அடிக்கு இன்ன பெயர் என்று உரக்க அறிவித்துவிட்டு அடிப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். எங்கள் மேஸ்திரிகூட அவ்வளவு முறையாக நடந்துகொண்டதில்லை. ஒரு குத்து கிளம்பி முகத்தில் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் குத்துகிறவன் தன் சின்ன வயசை நினைத்துக்கொண்டான். குத்து வாங்கப் போகிறவனும் அந்த இடைவெளியில் தன் சின்ன வயசை நினைத்துக்கொண்டான். எங்கள் லாரி அந்த வேகத்தில் வந்தால் கிடங்கை மூடிவிட வேண்டியதுதான்.

அக்காளின் பகுதிகள் வேறு. மணலில் மழை பெய்யும். குழாய் சொட்டும். அவள் வண்ணத்தைக் குச்சியால் கலக்குவாள். ஒருத்தரும் பேச மாட்டார்கள். வாரம் முழுக்க யாராவது ஒருவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

என் மனைவிக்கு ஒரே கவலைதான். திங்கட்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏங்க, கடல் வந்துடுமா?"

"எனக்கென்ன தெரியும்."

"படகு காஞ்சு வெடிச்சிடப் போவுதுங்க. அவளும் எத்தனை தடவைதான் பெயிண்ட் அடிப்பா."

தொடரில் பேசுவது ஜப்பான் மொழி. திரையின் கீழே நம் எழுத்து ஓடும். நம் மொழியில் குரல் மாற்றிய படங்களைப் பேரவை தொடாது. 'டப்பிங் படுகொலை' என்று சுவரில் பெரிதாக எழுதியே போட்டிருந்தார்கள். என் மனைவிக்கு எழுத்து தெரியாது. நான் படித்தது தாடி நரைத்த பிறகு, தொழிலாளர் சங்க வகுப்பில். எனக்குத் தெரிந்த எழுத்துகள் நடந்து வருகிறவை. திரையில் ஓடியவை ஓடிப்போகிறவை. 'நீ ஏன் என்னை' என்பதை நான் கூட்டி முடிப்பதற்குள் அவர்கள் அழுது முடித்திருப்பார்கள். அகப்பட்டதை அவள் காதில் சொல்வேன். அகப்படாத இடத்தில் என்னிடம் இருப்பதைப் போட்டு அடைப்பேன். கதை நிற்காமல் போக வேண்டுமே.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிறு திரும்பிப் பார்க்கும் பகுதி வந்தது. புதிதாக ஒன்றும் இருக்காது. முன்பு வந்த காட்சிகளையே வெட்டி ஒட்டிப் போடுவார்கள். அது வரைகிறவர்களின் சோம்பல் என்பது பேரவையின் முடிந்த கருத்து. அன்று அரங்கமே மரியாதையாக இருமிக்கொண்டிருந்தது. எனக்கோ ஓடிப்போன வரிகளெல்லாம் தாமாகவே வந்து சரணடைந்த மாதிரி இருந்தது. விட்டதையெல்லாம் பிடித்துப் பிடித்து அவள் காதில் போட்டேன்.

அந்த வாரம் சிமெண்ட் இறக்கியிருந்தோம். படம் முடிந்து எழுந்தபோது இடுப்பில் ஏதோ சொடக்கு விழுந்தது. கூன் போட்டபடி வாசலுக்கு வந்தேன்.

"சொல்லுங்கண்ணே," என்று மைக் தம்பி நீட்டினான்.

"பிடிச்சிருக்கு," என்றேன், இடுப்பில் கை வைத்தபடி.

ஒலிவாங்கியில் இடுப்பு தெரியாது.

அந்த வாரமே அவன் கிடங்குக்கு நேரில் வந்துவிட்டான். திரும்பிப் பார்க்கும் பகுதியைப் பிடித்திருப்பதாக நான் அறிவித்தது குறித்து விசாரணையாம். பேரவை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒருவர் சொன்னதே இல்லையாம். மேஸ்திரி இடுப்பில் துண்டோடு வந்து நின்றார்.

"என்னப்பா பண்ணித் தொலைச்ச?"

"ஒரு படம் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேனாம்ணே."

"என்ன படம்?"

"அந்தப் பொம்மைப் படம்."

"அனிமே," என்றான் மைக் தம்பி, செருப்பில் முள் குத்தினவன்போல.

"பொம்மைப் படத்துக்கு விசாரணையா?" என்றார் மேஸ்திரி. "இங்க மூட்டையையே கிழிச்சாலும் நின்ன இடத்துலயே திட்டி முடிச்சிடறேன். போயிட்டு வா. நீங்கல்லாம் பெரிய மனுசங்க."

விசாரணை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பேரவைத் தலைவர். தொழில், பல் டாக்டர். இன்னொருவர் துணைத் தலைவர். தொடரில் வருகிற தம்பியைப் போலவே தலைக்கு நீலச் சாயம் அடித்திருப்பார். வார நாட்களில் வங்கியில், தலையைத் தொப்பியால் மூடிக்கொண்டு, கடன் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. நாங்கள் அவரை நீலத்தலை என்போம்.

"பயப்படாதீங்க," என்றார் பல் டாக்டர், வாயை அகலமாகத் திறக்கச் சொல்கிற குரலில். "இங்க யார் வேணும்னாலும் என்ன கருத்து வேணும்னாலும் வெச்சுக்கலாம். வெச்சுக்க வேண்டிய கருத்தை நாங்களே முன்னாடியே குடுத்துடறோம். அதுக்கப்புறமும் ஒருத்தர் வேற ஒண்ணை வெச்சுக்கிட்டார்னா, அது சுதந்திரம் இல்ல. கவனக்குறைவு."

"சார், எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. அதைத்தான் சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தப் பாத்திரத்தோட இடுப்பு?" என்றார் நீலத்தலை.

"என்னோடதுங்க."

அவர்கள் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள். பழைய வழக்கு ஏதும் இல்லை போலிருக்கிறது. கடைசியில் பல் டாக்டர் மைக் தம்பியிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இடுப்பு தொடர்பான பிடிப்பு கருத்தாகாது. இது எல்லா உறுப்பினருக்கும் பொருந்தும்."

நான் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். எழ முடிந்திருந்தால் போயிருப்பேன். மேசையைப் பிடித்து நான் நிமிர்ந்துகொண்டிருந்தபோது அவர் சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப, அந்தப் பகுதி உங்களுக்குப் பிடிக்கலை. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டலில் முடிந்திருக்கும். களைத்த ஆளுக்குப் பொய் சொல்லச் சத்து இருக்காது.

"இல்லீங்க, அதுவும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. விட்டுப்போன வரியெல்லாம் திரும்ப வந்துச்சு. அவளுக்குச் சொல்ல முடிஞ்சுது."

"எவளுக்கு?"

"வீட்டுக்காரிக்கு. அவளுக்கு எழுத்து தெரியாது. நான்தான் படிச்சுக் காதுல சொல்லுவேன்."

நீலத்தலை மெல்ல எழுந்தார். "டப்பிங்," என்றார், வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. "நம்ம அரங்கத்துக்குள்ளயே, வாரா வாரம், டப்பிங் நடந்திருக்கு."

"காதுலதாங்க சொன்னேன்."

"நேரடி டப்பிங்," என்றார் பல் டாக்டர். அது இன்னும் மோசம் போலிருக்கிறது.

நீலத்தலை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார். "மூலக் குரல்ங்கறது புனிதம். எனக்கு ஜப்பான் மொழியில ஒரு வார்த்தை தெரியாது. தெரியாததனாலதான் அதுல எவ்வளவு ஆழம் இருக்குன்னு எனக்குத் தெரியுது. புரிஞ்சிடுச்சுன்னா ஆழம் போயிடும். அந்த ஆழத்தை இவர் தினசரிப் பேச்சுல கொண்டுவந்து கொட்டியிருக்கார். நான் என் வீட்டுக்காரிகிட்டகூட அப்படிப் பேசினதில்ல."

கடைசிப் பகுதி போடுகிற ஞாயிறன்று, படத்துக்கு முன்னால் அரங்கத்தில் எல்லார் முன்னிலையிலும் இரண்டாவது விசாரணை என்று முடிவாயிற்று. நான் செய்தவன். என் மனைவி, டப்பிங்கால் பாதிக்கப்பட்டவர். எங்களைப் படம் பார்க்க விடுவதா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும் என்றும் சொன்னார்கள்.

அவளிடம் சொன்னேன். பாதி மடித்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப கடல் வருதா இல்லையான்னு பாக்க விடமாட்டாங்களா?"

"விசாரிச்சிட்டு முடிவு பண்ணுவாங்களாம்."

"விசாரிக்கட்டும். என்னைப் பாத்தா பாதிக்கப்பட்ட மாதிரியா இருக்கு?"

ஞாயிறன்று அரங்கம் நிறைந்திருந்தது. அவளை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பல் டாக்டர், சேதம் எவ்வளவு என்று தெரிய வேண்டும், இதுவரைக்கும் நடந்த கதையைச் சொல்லுங்கள் என்றார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"கடல் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுங்க. ஊரு மொத்தமும் அதுல அழுக்கைக் கசக்கினாங்களே ஒழிய, ஒருத்தரும் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லலை. எத்தனை நாளைக்குப் பொறுக்கும். தம்பிக்காரன் சமாதானம் பேசிக் கூட்டிட்டு வரேன்னு கிளம்பினான். வழியில மறிக்கிறவனுங்க எல்லாம் மேஸ்திரிங்க. லீவு போட்டுட்டு எங்கடா ஊர் சுத்தறேன்னு கேக்கறாங்க. அவன் அடிக்கிறதுக்கு முன்னாடி கத்தறான் பாருங்க, அது லீவுக்குக் காரணம். மாமனாருக்கு முடியலை, பெரியம்மா வீட்டு விசேஷம், இப்படி."

பின்வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் விழுங்கினார்கள். நீலத்தலை தன் முடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, மூலத்துல அவன் தேடறது கடலையே இல்ல. தன்னை. அவன் தன்னைத் தேடிப் போறான்."

"தன்னைத் தேடறதுக்கு வெளியூர் எதுக்குங்க போகணும்? கூடவேதானே இருப்பான்."

பல் டாக்டர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். பிறகு என் மனைவியிடம் குனிந்து, பல்லைப் பிடுங்கிவிட்டுச் சொல்கிற கனிவோடு சொன்னார்: "இந்தக் கோபம், மேஸ்திரி, லீவு எதுவுமே எழுத்துல கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரர் இத்தனை நாளா உங்களை ஏமாத்தியிருக்கார்."

அரங்கம் என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"மழை பெய்யும். அக்கா சும்மா உக்காந்திருப்பா. யாரும் வாயே திறக்க மாட்டாங்க. கீழ ஒண்ணுமே ஓடாது. அப்பவும் இவரு சொல்லிட்டே இருப்பார். எனக்கு எழுத்து தெரியாதுதான். எழுத்து இருக்கா இல்லையான்னுகூடவா தெரியாது?" என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்: "கடல் வருமான்னு மட்டும் பாத்துட்டுப் போயிடறோம் சார். இன்னைக்குத்தானே கடைசி."

அவர்கள் திரைக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பேரவை மனிதாபிமானம் உள்ளது என்று முதலில் அறிவித்தார்கள். எனவே பாதிக்கப்பட்டவர் பார்க்கலாம். செய்தவரும் பார்க்கலாம். வாயை மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டும் பட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கிடங்கில் அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற அதே பழுப்புப் பட்டை. பல் டாக்டரே வந்து என் வாயில் ஒட்டிவிட்டார். "நான் பொதுவாத் திறக்கச் சொல்றவன்," என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

படம் ஓடியது. தம்பி கடைசி எதிரியின் முன்னால் நின்றான். இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கத்தினார்கள். கீழே எழுத்து ஓடியது. யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அன்று நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் படித்துவிட்டேன். 'நீ யார்?' 'நான்தான் நீ.' 'அப்படியென்றால் நான்?' 'அதை நீதான் சொல்ல வேண்டும்.' வாயை ஒட்டியதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் காதைக் கொண்டுவந்து என் பட்டையருகே வைத்தாள். வைத்துவிட்டு, நினைவு வந்து எடுத்தாள். அடுத்த வரிக்கு மறுபடி வைத்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி வெறுங்கையோடு திரும்பி வந்தான். அக்காள் படகில் உட்கார்ந்திருந்தாள். போனாயா வந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தூரிகையை அவனிடம் நீட்டினாள். இரண்டு பேரும் வண்ணம் அடித்தார்கள். கீழே எழுத்தே இல்லை. படகின் பலகையில் வண்ண டின் இருந்தது. டின்னுக்குள் வண்ணம் லேசாக நடுங்கியது. ஒரு வளையம் கிளம்பி ஓரத்தைத் தொட்டது. திரை இருண்டது.

"வந்துடுச்சு," என்றாள் என் மனைவி. சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

முடிவைப் பற்றிய பேரவையின் கருத்து தேநீருக்குப் பிறகுதான் வெளியாவதாக இருந்தது. அதுவரை முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பல் டாக்டர் எழுந்தார். "கடல் வரலை. அது கண்ணீர் விழுந்த வளையம். வராததுதான் கலை."

"வந்தது, வரலை ரெண்டுமே இல்ல," என்றார் நீலத்தலை. "அடுத்த பாகம் வரும்."

"அடுத்த பாகத்துக்கு ஆசைப்படறவன் ரசிகனே இல்ல."

"மூலத்தை மதிக்காதவர் தலைவரே இல்ல."

அதற்குப் பிறகு பேசியதில் ஜப்பான் சம்பந்தமாக எதுவும் இல்லை. நாற்காலி யார் வாங்கிப் போட்டது, திரையை யார் துவைத்தது என்றெல்லாம் போயிற்று. கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஒவ்வொருவரும் முடிவைப் பற்றிய கருத்தைப் பதிவுசெய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தவறான கருத்து சொன்னவர் நீக்கப்படுவார். சரியான கருத்து எது என்பது பதிவு முடிந்த பிறகு அறிவிக்கப்படும்.

வாசலில் வரிசை நின்றது. முதலில் நின்றவர் ஒரு தையல்காரர். ஒலிவாங்கியைப் பார்த்தார். அதன் இந்தப் பக்கம் நின்ற பல் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற நீலத்தலையைப் பார்த்தார். வரிசையில் கூன் போட்டு நின்ற என்னையும் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்து இடுப்பில் வைத்தார்.

"பிடிச்சிருக்கு."

"முடிவா?" என்றான் மைக் தம்பி.

"இடுப்பு."

மைக் தம்பி தலைவரைப் பார்த்தான். இடுப்புப் பிடிப்பு கருத்தாகாது என்பது தலைவர் தன் வாயால் சொன்னது, சுவரிலும் எழுதிப் போட்டது, எல்லா உறுப்பினருக்கும் பொருந்துவது; கருத்தே ஆகாதது தவறான கருத்தாகவும் முடியாது. தையல்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். அடுத்தவருக்கும் இடுப்பு. அவருக்கு அடுத்த ஓட்டுநருக்கும், பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இடுப்பு. ஓடியாடுகிற வயசுப் பிள்ளைகள்கூட ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு முனகியபடி இறங்கினார்கள். மாடிப்படி எலும்பு முறிவு வார்டு மாதிரி ஆயிற்று.

"இத்தனை பேருக்குமா?" என்றார் பல் டாக்டர்.

"நாற்காலி சரியில்ல சார்," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

எங்கள் முறை வந்தது. என்னைக் கேட்கவில்லை, வாய் ஒட்டியிருந்தது. நீலத்தலை என் மனைவியை மறித்தார்.

"நீங்க உள்ளயே சொன்னீங்க. வந்துடுச்சுன்னு. எல்லாரும் கேட்டோம். அது கருத்துதானே?"

"இல்லீங்க," என்றாள். ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையைக் கதவிலும் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இடுப்பு வலி. வந்துடுச்சு."

அவள் தலையிலும் நரை ஓடியிருந்தது. இருந்தும் அந்த வார்த்தையைக் கேட்டதும் நீலத்தலை பதறிப் பின்வாங்கி, "வழி விடுங்க, வழி விடுங்க," என்று படியை ஒதுக்கிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் அவள் பட்டையின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மீசையில் கொஞ்சம் அதோடு போயிற்று. பேரவைக்கு நான் கொடுத்த சந்தா அதுதான்.

"சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தைச் சொல்ல?"

"பிரஷ்ஷைக் குடுத்தப்ப அக்கா வாயே திறக்கலையே. அப்ப தம்பிகிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணும் எழுதலையே."

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

மாடியில் இன்னும் சண்டை கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒலிவாங்கி தெரிகிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அவள் காதைக் கொண்டுவந்து வைத்தாள். நான் குனிந்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

"என்னாச்சு?"

"பிடிச்சிருக்கு," என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை.